மாரடோரியம்: வங்காளிகளுக்கு எப்படிப் புரியவைப்பது?

சொல்வண்டு: வங்கி அறிவிப்பை வங்க மொழியில் எழுதுகிறவர்கள் மாரடோரியத்துக்கு (தவணை கட்டுவதையோ பணம் எடுப்பதையோ கொஞ்ச காலம் நிறுத்திவைப்பதற்கு) ‘ஸ்தொகிதாதேஷ்’ என்று போட்டால் வேலை முடிந்தது. நிறுத்திவைக்கும் ஆணை, அவ்வளவுதானே?

ஹூக்ளிக்கரை: முடியாது. அதைப் படித்ததும் கொல்கத்தாக்காரருக்கு கோர்ட் ஸ்டேதான் ஞாபகம் வரும், கேஸ் போட்டது யார் என்பார். ‘முல்தொபி’ கூட்டத்தையோ விசாரணையையோ ஒத்திவைப்பது. வேலையில் சஸ்பெண்ட் என்றால் ‘சாமொயிக் பொர்காஸ்தோ’. மூன்றுமே இதற்கு ஆகாது.

சொல்வண்டு: அப்படியானால் ‘மொகுப்’? மூலச்சொல் அரபு ‘மௌகூஃப்’, நிறுத்தப்பட்டது என்று பொருள். கச்சிதமாக இருக்கிறதே!

கிளைக்கணக்கு: அகராதியில் கச்சிதம், கவுன்ட்டரில் வினை. இன்றைய வங்காளத்தில் ‘ரின் மொகுப்’ என்றால் கடன் தள்ளுபடி. தள்ளிவைப்பைத் தள்ளுபடி என்று அறிவித்த கதையாகிவிடும். ரிசர்வ் வங்கி 2020 மார்ச் 27-இல் அறிவித்ததையே பாருங்கள். மார்ச் 1 முதல் மே 31 வரை தவணைக்கு அவகாசம், பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டிப்பு. வட்டி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பாக்கி 10 லட்சம், வட்டி 9% என்றால் மாதம் 7,500. ஆறு மாதத்துக்கு 45,000. மாதாமாதம் அசலில் ஏற்றினால் 45,852. தகுதியுள்ள 2 கோடி வரையான கடன்களுக்கு அரசு திருப்பித் தந்தது அந்த 852 போன்ற வித்தியாசத்தை மட்டும்தான். 2021 மார்ச் 23 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அதையே எல்லாக் கடனுக்கும் நீட்டியது. 45,000-ஐ யாரும் தொடவில்லை. ‘மொகுப்’ என்று படித்தவர் அதை எங்கே போய்க் கேட்பார்?

சொல்வண்டு: ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கடனையே பேசுகிறீர்கள். 2020 மார்ச் 5-இல் யெஸ் வங்கிக்கு வந்ததும் மாரடோரியம்தான். அங்கே மாட்டியவர் பணம் போட்டவர். 50,000-க்கு மேல் எடுக்க முடியாது. மார்ச் 18-இல்தான் விலகியது.

ஹூக்ளிக்கரை: அதனால்தான் ஒற்றைச் சொல்லைத் தேடாதீர்கள் என்கிறேன். ‘மொராடோரியாம்’ என்றே வங்க எழுத்தில் போட்டு, எது நிற்கிறது, எந்தத் தேதி வரை, எது நிற்காது என்று கீழே எழுதுங்கள். கடனுக்கு: ‘கிஸ்தி ஆபாதொதோ பொந்தோ, ஷுத் சொல்பே’. தவணை இப்போதைக்கு இல்லை, வட்டி ஓடும். (கிஸ்தி நமக்கும் தெரிந்த சொல்தான், நிலவரிக்கு.) டெபாசிட்டுக்கு: ‘50,000 டாகா பொர்ஜொந்தோ தோலா ஜாபே’, அதுவரை எடுக்கலாம்.

சொல்வண்டு: தலைப்பில் இடமில்லையே, தமிழனுக்கே புரியாத சொல்லை அங்கே வைப்பதா?

கிளைக்கணக்கு: கடன் அறிவிப்பானால் ‘கிஸ்தி ஸ்தொகிதோ’ (தவணை நிறுத்திவைப்பு) என்று வையுங்கள். ‘ஆதேஷ்’ ஒட்டும்போதுதான் கோர்ட் வாடை அடிக்கிறது.