விஎச்எஸ் டேப்பை டிவிடி ஆக்கும்போது பாதியில நின்னுடுது, சத்தமும் தள்ளிப்போகுது. அவசரம்

மலைக்காபி:
வணக்கம். வீட்டுல இருக்குற பழைய கல்யாண டேப்பை எல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி டிவிடி போடணும். நல்லாத்தான் ஓடும், திடீர்னு எரர் வந்து நின்னுடுது. வாயசைப்பும் சத்தமும் ஒத்து வரல. சில இடத்துல வெறும் நீலமா வருது. ஞாயித்துக்கிழமை சேலத்துல விசேஷம், அதுக்குள்ள வேணும். யாராவது சொல்லுங்க.

சூரமங்கலத்தான்:
எதுல ஏத்துறீங்க, எந்த சாஃப்ட்வேர், எரர்ல என்ன எழுதியிருக்கு? முக்கியமா, எத்தனாவது நிமிஷத்துல நிக்குது? ஒவ்வொரு தடவையும் அதே நிமிஷமா, இல்ல வேற வேறயா? டேப்பை மாத்திப் பாத்தீங்களா?

அஞ்சுரோடு:
டேப் ஓட்டுற விசிஆர்ல இருந்து படத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏத்துற யுஎஸ்பி ஸ்டிக்கா இருந்தா டிரைவர்தாங்க, சந்தேகமே வேண்டாம். வெளிய ஒரே மாதிரி டப்பா, உள்ள வேற வேற சிப். ஒண்ணோட டிரைவர் இன்னொண்ணுக்கு ஆகாது. டிவைஸ் மேனேஜர்ல அதோட ஹார்டுவேர் ஐடியைப் பாத்து விஐடி, பிஐடி நம்பரை (கம்பெனி, மாடலோட அடையாள எண்) இங்க போடுங்க. யுஎஸ்பி ஹப்ல மாட்டியிருந்தா எடுத்துட்டு நேரா கம்ப்யூட்டர்லயே சொருகுங்க.

சேர்வராயன்:
பேரைப் பாத்தா ஏற்காட்டுப் பக்கம் போல. அப்படின்னா முதல்ல டேப்போட ஜன்னல் வழியா டார்ச் அடிச்சுப் பாருங்க. சுத்தியிருக்குற டேப்போட ஓரத்துல வெள்ளைப் பொடியோ நூல் நூலாவோ தெரிஞ்சா பூஞ்சை. அதை விசிஆர்ல போடவே கூடாது. ஹெட்டுல (டேப்பைப் படிக்குற முனை) ஒட்டும், அடுத்து போடுற நல்ல டேப்புக்கும் பரவும். படம் போய்ப் போய் வர்றதுக்கு மலை மேல பாதி காரணம் இதுதான்.

பழைய_ஹெட்:
இதே கேள்வி நூறு தடவை வந்தாச்சு. தேடிப் பாக்குற பழக்கமே யாருக்கும் இல்ல. தம்பி, டிபிசிங்கிற கருவி (டைம் பேஸ் கரெக்டர்) இல்லாம விஎச்எஸ் பிடிக்குறது வீண் வேலை. டேப் சிக்னல்ல ஒவ்வொரு வரியும் கொஞ்சம் முன்ன பின்னதான் வரும். அதை நேராக்குற கருவி இல்லாம ஸ்டிக்கை மட்டும் வெச்சா இப்படித்தான். முதல்ல அடிப்படையைக் கத்துக்கிட்டு வாங்க.

மலைக்காபி:
180 நிமிஷ டேப். யுஎஸ்பி ஸ்டிக், கூட வந்த சாஃப்ட்வேர்தான், அதுல உயர்தர டிவிடின்னு வெச்சிருக்கேன், 8 மெகாபிட்னு காட்டுது. வெளி ஹார்டு டிஸ்க்ல பதியுது. 1 மணி 8 நிமிஷம் கிட்ட "ஃபைல் எழுத முடியவில்லை"ன்னு வருது. வேற டேப் போட்டாலும் அங்கேயேதான். நாலு டேப்ல ஒண்ணுல மட்டும் ஓரத்துல வெள்ளையா இருக்கு.

சூரமங்கலத்தான்:
கிடைச்சிருச்சுங்க. டேப் மாறியும் நிமிஷம் மாறலைன்னா டேப்பும் காரணமில்ல, டிரைவரும் காரணமில்ல. 8 மெகாபிட் படம், 224 கிலோபிட் சத்தம், ரெண்டும் சேந்தா நொடிக்கு ஒரு மெகாபைட்டுக்குக் கொஞ்சம் மேல. 68 நிமிஷத்துல கிட்டத்தட்ட 4 ஜிபி. உங்க வெளி டிஸ்க் ஃபேட்32ங்கிற பழைய ஃபைல் சிஸ்டத்துல இருக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல வளராது, டிஸ்க்ல எவ்வளவு காலி இடம் இருந்தாலும் சரி. டிஸ்க் மேல ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், ஃபைல் சிஸ்டம்னு பாத்தா தெரியும். உள்ள இருக்குறதை வேற இடத்துல எடுத்து வெச்சுட்டு என்டிஎஃப்எஸ்னு குவிக் ஃபார்மட் போடுங்க. அதுக்கு நேரமில்லைன்னா லேப்டாப்போட உள் டிஸ்க்லயே பதிய விடுங்க, விண்டோஸ் இருக்குற டிஸ்க் எப்படியும் என்டிஎஃப்எஸ்தான்.

இன்னொண்ணு. 8 மெகாபிட்ல மூணு மணி நேரம் எடுத்தா 11 ஜிபி. டிவிடியில போறது 4.7 தான். அப்புறம் மறுபடி சுருக்கணும், அதுல படமும் கெடும், ராத்திரியும் போயிடும். இப்பவே 6.5 மெகாபிட் வெச்சு எடுத்து, 90 நிமிஷத்துல வெட்டி ரெண்டு டிஸ்க்கா போடுங்க. மறுசுருக்கமே வேண்டாம். ஒரே டிஸ்க்லதான் வேணும்னா 352க்கு 576 அளவு வெச்சு 3.2 மெகாபிட். விஎச்எஸ்ல கிடைவாக்குல இருக்குற விவரமே சுமார் 240 கோடுதான், அதனால பெருசா ஒண்ணும் இழக்க மாட்டீங்க. 720 அகலத்துல அதே 3.2ஐப் போட்டாத்தான் ஆட்டத்துலயும் கூட்டத்துலயும் கட்டம் கட்டமா உடையும்.

அஞ்சுரோடு:
சரி, நிக்குறதுக்கு டிஸ்க்னு ஒத்துக்கறேன். சத்தம்? அது சத்தத்தோட சாம்பிள் வேகம் 44.1க்கும் 48க்கும் உள்ள தகராறு. டிவிடிக்கு 48 கிலோஹெர்ட்ஸ்தான் வேணும்.

சூரமங்கலத்தான்:
48 வைக்கணும்ங்கிறது சரி. ஆனா அந்தத் தப்பா இருந்தா மணிக்கு சுமார் 5 நிமிஷம் விலகும், குரலும் கீச்சுன்னோ கரகரன்னோ மாறிடும். மலைக்காபி, எவ்வளவு விலகுது? ஆரம்பத்துலயே விலகி கடைசி வரைக்கும் அதே அளவா, இல்ல போகப்போக கூடுதா?

மலைக்காபி:
கூடுது. ஒரு மணி நேரத்துல 2 நொடி இருக்கும். குரல் மாறல.

சூரமங்கலத்தான்:
அப்ப ஃபிரேம் விழுது, அதாவது நடுவுல தனித்தனிப் படம் விட்டுப்போகுது. நம்ம ஊரு டிவி முறையான பிஏஎல்ல நொடிக்கு 25, ஆக 50 ஃபிரேம் காணோம். டேப்ல சிக்னல் அறுந்த இடத்துல எல்லாம் ஸ்டிக் படத்தை விட்டுடும், சத்தம் மட்டும் விடாம ஓடும். கூட வந்த சாஃப்ட்வேரை விட்டுட்டு விர்ச்சுவல்டப்ல எடுங்க. கேப்சர் மோடு, டைமிங்ல சத்தத்தைப் படத்தோட வேகத்துக்கு ரீசாம்பிள் பண்ற தேர்வை டிக் பண்ணுங்க. வலப்பக்கம் விழுந்த ஃபிரேம், செருகின ஃபிரேம் கணக்கு ஓடும், அதைக் கவனிங்க. அது ஏவிஐயாத்தான் எடுக்கும். படம் கெடாம சுருக்குற ஹஃப்ஒய்யுவி முறையை வெச்சா மணிக்கு 30 ஜிபி கிட்ட இடம் வேணும், அப்புறம் டிவிடிக்கு வேண்டிய எம்பெக்2 ஆக்கணும், அப்ப 6.5ஐ அங்க வெச்சுக்கங்க. ஞாயித்துக்கிழமைக்கு நேரம் பத்தாதுன்னா பழைய சாஃப்ட்வேர்லயே 20 நிமிஷத் துண்டா எடுங்க, விலகல் ஒரு நொடிக்குள்ள அடங்கிடும்.

பழைய_ஹெட்:
நான் சொன்னதுக்குத்தான் வந்து நிக்குறீங்க. சிக்னல் அறுந்தா டிபிசி.

சேர்வராயன்:
டிபிசி வேணும்னு சொல்றது சரிங்க, ஆனா எங்க போய் வாங்குவாங்க? பழைய டிவிடி ரெக்கார்டர் ஒண்ணு கிடைச்சா விசிஆருக்கும் ஸ்டிக்குக்கும் நடுவுல வெச்சுப் பாக்கலாம், சில மாடல் வரியை நேராக்கித் தரும். நீலத்துக்கு அதுகூட வேண்டாம். சிக்னல் பலவீனமானா விசிஆர் தானா நீலத்தைக் காட்டும். மெனுவுல புளூ பேக்னு இருக்கும், அணைச்சுடுங்க. மங்கலா இருந்தாலும் படம் வரும். அப்புறம் டிராக்கிங்கை (ஹெட் டேப்ல சரியான தடத்தைப் பிடிக்குற அமைப்பு) கையால நகர்த்துங்க. அப்பவும் வெள்ளைப் புள்ளியா தெறிச்சா ஹெட் அழுக்கு. ஷாமாய் தோல்ல (பதப்படுத்தின மெல்லிய தோல்) 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் நனைச்சு, தோலை அசைக்காம, ஹெட் இருக்குற உருளையான டிரம் மேல ஒட்டிப் பிடிச்சு, டிரம்மைத்தான் சுத்தணும். மேலும் கீழும் தேய்ச்சா ஹெட் ஒடஞ்சு வந்துடும். பஞ்சுக்குச்சி ஆகவே ஆகாது.

அம்மாபேட்டை_டெக்:
மெடிக்கல்ல கிடைக்குற சர்ஜிகல் ஸ்பிரிட் போதாதா?

சேர்வராயன்:
வேண்டாம். அதுல தண்ணியும் வேற சேர்மானமும் இருக்கும், காஞ்ச பிறகு படலம் விடும். சானிட்டைசர் இன்னும் மோசம், கிளிசரின். இன்னொரு விஷயம், மலைக்குளிர்ல இருந்த டேப்பை 20 ஊசி வளைவு இறங்கி வந்ததும் சேலத்து வெக்கையில உடனே விசிஆர்ல போடாதீங்க. மேல ஈரம் பூக்கும், டிரம்முல ஒட்டிக்கிட்டு நசுங்கும். ஒரு நாள் உறையோட அப்படியே விடுங்க.

அம்மாபேட்டை_டெக்:
இந்தக் காலத்துல டிவிடி எதுக்குங்க? பிளேயர் யார் வீட்டுல இருக்கு? எம்பி4 ஆக்கி பென் டிரைவ்ல குடுங்க, டிவியில சொருகினா ஓடும்.

பழைய_ஹெட்:
எம்பி4ன்னு சொல்லிட்டு எல்லாரும் பாதி ஃபீல்டை (ஒரு ஃபிரேம்ல இருக்குற ரெண்டு அரைப்படத்துல ஒண்ணு) தூக்கி எறியறாங்க. விஎச்எஸ்ல நொடிக்கு 50 ஃபீல்டு. 25 ஃபிரேம் எம்பி4 ஆக்கினா நாதஸ்வரக்காரர் விரல்ல இருந்து எல்லா அசைவும் வெட்டி வெட்டித் தெரியும். டிவிடி அந்த 50ஐ அப்படியே வெச்சுக்கும்.

அம்மாபேட்டை_டெக்:
ஒவ்வொரு ஃபீல்டையும் முழு ஃபிரேமாக்கி, அதாவது 50 ஃபிரேமா டீஇன்டர்லேஸ் பண்ணி எம்பி4 போட்டா அதே அசைவு வரும்ணா. 25ஆ போடச் சொல்லி நான் சொல்லவே இல்ல.

பழைய_ஹெட்:
அப்படிப் போட்டா சரி. போடுறவங்க யாரு?

சூரமங்கலத்தான்:
ரெண்டும் குடுக்கலாம். டிவிடிக்கு 8எக்ஸ் வேகத்துக்கு மேல எரிக்காதீங்க, ஃபைனலைஸ் (டிஸ்க்கை மூடி முடிக்குறது) பண்ண மறந்தா வேற பிளேயர்ல ஓடாது. ஏவிஐ மூலத்தை மட்டும் அழிச்சுடாதீங்க.

மலைக்காபி:
ஃபேட்32தான் இருந்துச்சு. மாத்திட்டேன், 3 மணி நேரமும் நிக்காம வந்துருச்சு. புளூ பேக் அணைச்சதும் படம் வருது. துண்டு துண்டாத்தான் எடுக்குறேன். நன்றிங்க எல்லாருக்கும்.

சேர்வராயன்:
அந்த வெள்ளை படிஞ்ச டேப்பைத் தனியா ஒரு காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல்லோட போட்டு வெச்சிருக்கீங்களா? மத்த மூணு டேப் கூட ஒரே பெட்டியில வைக்காதீங்க.