மரத்துக்குப் பின்னால் தெரிந்த வெளிச்சம்: சபா போய் வந்தவர்களின் கதைகள்

தோட்டத்துப் பையன், கிள்ளான்

போன ஆகஸ்டில் நானும் வீட்டுக்காரம்மாவும் போர்னியோ தீவில் இருக்கும் மலேசிய மாநிலமான சபாவுக்குப் போயிருந்தோம். காட்டு விலங்கு பார்க்கும் பயணம், 5 நாள். நீங்களும் போயிருந்தால் உங்கள் கதையைக் கீழே எழுதுங்கள். நான் ஆரம்பித்து வைக்கிறேன்.

கோலாலம்பூரிலிருந்து சண்டாக்கானுக்கு விமானத்தில் 3 மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. இறங்கியதும் குடிநுழைவு வரிசை. சொந்த நாட்டிலேயே இன்னொரு மாநிலத்துக்குள் போக அடையாள அட்டையை நீட்ட வேண்டியிருந்ததில் வீட்டுக்காரம்மாவுக்கு ஒரே சிரிப்பு. அங்கிருந்து சுக்காவ் கிராமத்துக்கு வேனில் இரண்டரை மணி நேரம். எனக்கு முகம் சுருங்கியது அந்த வேனில்தான்.

நான் பிறந்து வளர்ந்தது செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைத் தோட்டத்தில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப்பழம் பொறுக்கினார். காலையில் கதவைத் திறந்தால் செம்பனை, பள்ளிக்கூடம் போகிற வழியெல்லாம் செம்பனை. காடு பார்க்கலாம் என்று இரண்டு வருஷம் காசு சேர்த்துப் போனால், சன்னலுக்கு வெளியே இரண்டரை மணி நேரமும் அதே செம்பனை. "இதைப் பார்க்கவா வந்தோம்?" என்று அவள் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

மாலை 4 மணிக்குப் படகு ஏறினோம். கினாபாத்தாங்கான் 560 கிலோமீட்டர் நீளமுள்ள ஆறு, தண்ணீர் பால் டீ நிறம். எங்கள் வழிகாட்டி ஓராங் சுங்கை இனத்தவர். ஆற்று மக்கள் என்று பொருள். நாற்பது வயசு இருக்கும். படகில் ஏறியதும் அவர் பேச்சைக் குறைத்துவிட்டார். வளைவுக்கு வளைவு இயந்திரத்தை அணைத்துவிட்டு, ஒரு பக்கமாகக் கழுத்தைச் சாய்த்துக் கேட்பார். நாங்கள் கேமராவை வைத்துக்கொண்டு தேடிக்கொண்டிருந்தோம், அவர் காதாலேயே பார்த்துவிட்டார்.

முதலில் தெரிந்தது நீண்டமூக்குக் குரங்கு. போர்னியோவைத் தவிர உலகத்தில் வேறெங்கும் கிடையாது. மலாய்க்காரர்கள் ‘மோன்யெட் பெலாண்டா’, அதாவது டச்சுக்காரக் குரங்கு என்று சொல்வார்கள். பெரிய மூக்கையும் தொந்தியையும் பார்த்து யாரோ குசும்பாக வைத்த பெயர். ஆண் ஒன்று கிளைப்பிளவில் உட்கார்ந்து இலை தின்றுகொண்டிருந்தது. மூக்கு வாயை மறைத்துத் தொங்குவதால், ஒவ்வொரு கொத்தையும் வாயில் வைக்கும் முன் புறங்கையால் மூக்கை ஒதுக்கிக்கொண்டது. மீசைக்காரத் தாத்தா டீ குடிக்கிற மாதிரி. தின்று மிச்சமான காம்புகள் எங்கள் படகுக்குள் விழுந்தன. தொந்தி கொழுப்பால் வந்ததில்லையாம். மாட்டுக்கு இருப்பது போல அறை அறையான வயிறு, இலையைப் புளிக்க வைத்து ஜீரணிக்க. சாயங்காலமானால் கூட்டம் கூட்டமாக ஆற்றோர மரத்துக்குத் தூங்க வந்துவிடும். ஒரு மணி நேரத்தில் ஆறு கூட்டம் பார்த்துவிட்டோம். அப்புறம் இருவாச்சிப் பறவை. சபாவில் இருக்கும் 8 வகையும் இந்த ஆற்றங்கரையிலேயே இருக்கின்றன. எங்களுக்குக் கிடைத்தது மூன்று.

மறுநாள் காலையில் யானை. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன்.

வழிகாட்டிகள் கைப்பேசியில் ஒருவருக்கொருவர் தகவல் சொல்லிக்கொள்கிறார்கள். "அடா காஜா" என்று ஒரு குரல் வந்ததும் எல்லாப் படகும் ஒரே திசையில் பாய்ந்தது. காஜா என்றால் யானை, நம்ம கஜம்தான். போய்ப் பார்த்தால் ஏற்கெனவே ஒன்பது படகு. எங்கள் ஆள் ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திருப்பிவிட்டார். பின்னால் இருந்த ஆஸ்திரேலியத் தம்பதிக்கு ஏமாற்றம், எனக்கும்தான். அவர் ஒன்றும் சொல்லாமல் அரை மணி நேரம் மேலே ஓட்டிப் போய், ஒரு புல்திட்டுக்கு எதிரே படகைக் கயிற்றால் கட்டினார். இருபது நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு நாணல் ஆடியது.

தாய், ஒரு குட்டி, இன்னும் மூன்று. போர்னியோ யானை மற்ற ஆசிய யானையைவிடச் சிறியது, வால் ஏறக்குறைய தரையைத் தொடும். தாய் ஒரு கட்டுப் புல்லைத் துதிக்கையில் சுருட்டி, முன்காலால் அடியை உதைத்துப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணை முட்டியில் தட்டித் தட்டி உதறியது. அம்மா கீரைக்கட்டை வாசற்படியில் தட்டுவாரே, அப்படியே. நாலு தட்டுக்கு ஒரு வாய். குட்டியும் அதே மாதிரி தட்டிப் பார்த்தது, புல் பறந்துவிட்டது. எங்களுக்கும் அதற்கும் இடையே பதினைந்து மீட்டர் இருந்தால் அதிகம்.

திரும்பும்போது கேட்டேன்: காட்டு விலங்கு என்றால் ஒளிந்துகொள்ளும் என்பார்கள், இங்கே எப்படி இவ்வளவு சுலபமாகக் கிடைக்கிறது? அவர் மோவாயால் கரையைக் காட்டினார். "தெங்கோக் பெலாக்காங்." பின்னால் பாருங்கள். பார்த்தேன். மரங்களுக்குப் பின்னால் வெளிச்சம் இருந்தது. காடு என்றால் உள்ளே போகப் போக இருட்டாக அல்லவா இருக்க வேண்டும்? இங்கே இலைகளுக்கு இடையில் வெயில் தெரிந்தது, அதுவும் சாய்வாக, வரிசை வரிசையாக. அந்த வெயிலை எனக்கு நன்றாகத் தெரியும். செம்பனை நிரைகளுக்கு இடையில் விழும் வெயில். பின்னால் தோட்டம், முன்னால் ஆறு, நடுவில் நாடா போல ஒரு வரி மரங்கள். அதற்குள்தான் குரங்கு, யானை, ஓராங் ஊத்தான் என்கிற மனிதக்குரங்கு எல்லாம். பின்னால் போக இடமில்லாததால்தான் கரைக்கு வருகின்றன.

2005-இல் இந்தக் கரையைச் சரணாலயமாக அறிவித்தார்கள். சுமார் 26,000 ஹெக்டேர், ஆனால் ஒரே துண்டாக இல்லை, பத்துத் துண்டு. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவில் தோட்டம், கிராமம், சாலை. யானை கரையோரமாக நடந்து வரும், மின்வேலி குறுக்கிட்டால் ஆற்றில் இறங்கி நீந்தி அடுத்த துண்டுக்குப் போகும். ஓராங் ஊத்தானுக்கு நீந்தத் தெரியாது. முன்பெல்லாம் இரு கரையிலும் பெரிய மரங்கள் கிளை கோத்து நிற்குமாம். அவை போய்விட்டதால், சிற்றாறுகளுக்குக் குறுக்கே தீயணைப்பு வண்டியின் பழைய குழாயைக் கட்டித் தொங்குபாலம் போட்டிருக்கிறார்கள். பயப்படாமல் ஏறி வர அதற்குச் சில வருஷம் பிடித்ததாம்.

இரவுப் படகையும் விடாதீர்கள். விளக்கு வெளிச்சத்தில் மீன்கொத்தி ஒன்று ஒற்றைக் கொம்பில் பந்தாகச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு கை தூரம். சத்தம் போட்டுத் தும்மினாலும் எழுந்திருக்காது போலிருந்தது. முதலையின் கண் சிகரெட் நெருப்பு மாதிரி.

ஈப்போ அக்கா

தம்பி, அந்தக் கீரைக்கட்டு சரியாகச் சொன்னீர்கள். நான் ஆமைத் தீவைப் பற்றிச் சொல்கிறேன்.

சண்டாக்கானிலிருந்து படகில் ஒரு மணி நேரம், சிலிங்கான் தீவு. நடந்தால் கொஞ்ச நேரத்தில் சுற்றிவிடலாம். எதிரே தெரிகிற தீவு பிலிப்பீன்ஸ். இருட்டியதும் கடற்கரைக்கு யாரும் போகக் கூடாது, கரை முழுக்க ஆமைக்கு. சாப்பிட்டுவிட்டுக் கூடத்தில் காத்திருக்க வேண்டியதுதான். ஆமை எப்போது வரும் என்று ரேஞ்சருக்கும் தெரியாது. 8 மணி ஆச்சு, 9 ஆச்சு, பக்கத்தில் இருந்த சீனப் பாட்டி மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டார். 10.40-க்கு வாசலில் ஒரு கத்தல். எல்லோரும் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடினோம்.

பேராமை. முட்டையிட ஆரம்பித்த பிறகுதான் நம்மைப் பக்கத்தில் விடுகிறார்கள். அதற்கு முன் தொந்தரவு செய்தால் திரும்பிக் கடலுக்கே போய்விடும். அதன் மூச்சுச் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. பிரசவ வார்டில் கேட்கிற மூச்சு. கண்ணிலிருந்து நீர் வழிகிறது. அழுகை இல்லை, உடம்பில் சேர்ந்த உப்பை அப்படித்தான் வெளியே தள்ளுமாம். தெரிந்த பிறகும் எனக்குத் தொண்டை அடைத்தது. முட்டை பிங்பாங் பந்து அளவு, பிசுபிசுவென்று. ரேஞ்சர் எண்ணி எண்ணி வாளியில் வைத்தார், 93. அதை வேலிக்குள் இருக்கும் குஞ்சுபொரிப்பகத்துக்குக் கொண்டுபோய், அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைத்து, தேதியும் எண்ணிக்கையும் எழுதிய குச்சியை நட்டார். பாதி இடத்துக்கு மேலே நிழல்வலை. ஏன் என்றால், மணலின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்று தீர்மானிக்கிறது. சூடு கூடினால் பெண்.

நான் இதை எழுதுவதற்கு வேறொரு காரணம் உண்டு. சின்ன வயசில், எண்பதுகளில், அப்பா எங்களைத் திரெங்கானுவில் ரந்தாவ் அபாங் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். ஏழுவரி ஆமை, கார் அளவு. நூறு பேர் டார்ச் அடித்துக்கொண்டு சுற்றி நின்றோம். சிலர் முதுகில் ஏறிப் போட்டோ எடுத்தார்கள். நானும் ஏறினேன், அப்பாதான் தூக்கி வைத்தார். மறுநாள் சந்தையில் ஆமை முட்டை வாங்கித் தின்றோம். அந்தக் கரைக்கு இப்போது ஏழுவரி ஆமை வருவதே இல்லை என்று சொல்லிவிடலாம். அங்கே முட்டை விற்பதை அடியோடு தடை செய்தது 2022-இல்தான். சிலிங்கானில் நாற்பது பேரும் மூச்சுவிடாமல் வரிசையாக நின்றதைப் பார்த்தபோது எனக்கு அந்த போட்டோ ஞாபகம் வந்தது. வீட்டு ஆல்பத்தில் இன்னும் இருக்கிறது. நல்லா சிரிச்சிக்கிட்டு இருக்கேன் அதுல.

பினாங்கு சுற்றி

நீங்களெல்லாம் அழகாக எழுதிவிட்டீர்கள், எனக்குக் கிடைத்தது கரப்பான்பூச்சி. கோமந்தோங் குகை. உழவாரக் குருவி எச்சிலால் கட்டும் கூட்டை, பிரம்பு ஏணியில் தொங்கி எடுக்கிற இடம். சூப்புக்குப் போகிற கூடு. தரை முழுக்க வௌவால் எச்சம், அதன்மேல் கோடிக்கணக்கில் கரப்பான். பலகை நடைபாதையில் வழுக்கிக் கைப்பிடியைப் பிடித்தேன். கைப்பிடி அசைந்தது. மேலே எழுத விரும்பவில்லை.

ஆனால் சாயங்காலம் குகை வாயிலில் நின்றால், வௌவால் கூட்டம் புகைக் கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு கிளம்பும். பருந்து ஒன்று அதற்குள் புகுந்து ஒன்றைக் கவ்விக்கொண்டு போனது.

ஒரு புலம்பல். நான் போன ஏற்பாட்டாளர் 8 பேர் படகு என்று சொல்லிவிட்டு 15 பேரை ஏற்றினார். இயந்திரத்தை அணைக்கவே இல்லை, குரங்கு பக்கத்தில் போய் ஹாரன். காசு கட்டும் முன் படகில் எத்தனை பேர், வழிகாட்டி உள்ளூர்க்காரரா என்று இரண்டையும் கேட்டுவிடுங்கள் லா.

சென்னைக்காரன்

கிள்ளான் அண்ணே, அந்த வெளிச்ச விஷயத்தைப் படித்ததும் என் கதை நேர் எதிர் என்று தோன்றியது. நான் போனது டானும் பள்ளத்தாக்கு. லஹாட் டத்துவிலிருந்து மண் சாலையில் இரண்டு மணி நேரத்துக்கு மேல். 438 சதுர கிலோமீட்டர் காடு, கோடரி படாதது. 100 மீட்டரைத் தாண்டிய மெராந்தி மரம் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பின்னால் பார்த்தால் இருட்டு, அதற்குப் பின்னாலும் இருட்டு.

மூன்று நாளில் நான் பார்த்தது என்ன தெரியுமா? அட்டை. புலி அட்டை என்று ஒன்று, உடம்பில் கோடு போட்டது, தரையில் இருக்காது, இடுப்பு உயரத்து இலையில் காத்துக்கொண்டிருக்கும். அட்டைக் காலுறை முழங்கால் வரைக்கும்தான். அது கடித்தது விலாவில்.

விடிகாலையில் கிப்பன் குரங்கின் கூவல் கேட்டது, ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்கு. ஒன்றைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. மூன்றாம் நாள் ஓர் ஓராங் ஊத்தானின் முதுகு, நாலு நிமிஷம், அத்தி மரத்தில். அது திரும்பவே இல்லை. வழிகாட்டிப் பெண் அதற்கே பூரித்துப் போனார். ஓராங் ஊத்தான் தூங்கக் கட்டிய பழைய கூடுகளைக் காட்டி, இது நேற்றையது, இது போன வாரத்தது என்று இலையின் வாட்டத்தை வைத்துச் சொன்னார். காண்டாமிருகம் புரண்ட பள்ளம் ஒன்றையும் காட்டினார், காய்ந்து இலை நிரம்பிக் கிடந்தது. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில்தான் செத்தது.

காசுக்குக் காட்சி வேண்டுமென்றால் ஆற்றுக்குப் போங்கள். காடு வேண்டுமென்றால் டானும். எனக்கு மறுபடி டானும்தான்.

தோட்டத்துப் பையன், கிள்ளான்

அக்கா, அந்த போட்டோவைக் கிழித்துவிடாதீர்கள்.

சென்னைத் தம்பி, அடுத்த முறை டானும் போகிறேன். விலாவுக்கு என்ன செய்வது என்றுதான் யோசிக்கிறேன். கேட்டவர்களுக்கு: மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை மழை குறைவு, நவம்பர், டிசம்பரில் ஆறு கரை ஏறிவிடும். மழைச்சட்டை எந்த மாதம் போனாலும் வேண்டும். வெளிர்நிறச் சட்டை நல்லது, அட்டை ஏறினால் கண்ணில் படும்.

ஒன்று விட்டுப்போனது. கடைசி நாள் காலையில் விடுதிக்குப் பின்னால் சும்மா நடந்தேன். இருநூறு அடிகூட இல்லை, மரம் முடிந்து மின்வேலி. அந்தப் பக்கம் இளங்கன்று வைத்த செம்பனை நிலம். வேலி ஓரிடத்தில் சாய்ந்து கிடந்தது, மண்ணில் தட்டு அளவில் காலடித் தடம். ஓர் இந்தோனேசியத் தொழிலாளி குத்துக்காலிட்டுக் கம்பியை முடிந்துகொண்டிருந்தார். ராத்திரி வந்து முப்பது கன்றின் குருத்தைத் தின்றுவிட்டுப் போயிருக்கின்றனவாம். மேஸ்திரிக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்குக் கவலை. எங்கள் தோட்டத்தில் காட்டுப்பன்றி கன்றைத் தோண்டிப் போட்ட காலைகளில் அப்பா என்ன வார்த்தை சொல்வாரோ, ஏறக்குறைய அதையே அவர் மலாயில் சொன்னார். நான் கம்பியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன்.