கீஃப்ரேமுக்குத் தமிழ்ச்சொல் வேண்டும், வெள்ளிக்கிழமைக்குள்

அனுப்புநர்: கணினி ஆசிரியை, தேனி மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைகளில் எங்கள் பள்ளி ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அசைவூட்டம் சொல்லித் தருகிறேன். இங்க்ஸ்கேப்பில் வரைகிறார்கள், அதை சின்ஃபிக்குக்குக் கொண்டுபோய் ஓடவிடுகிறோம். இரண்டும் கட்டற்ற மென்பொருள், காசில்லாமல் வீட்டுக் கணினியிலும் போட்டுக்கொள்ளலாம். செய்முறைக் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி முடித்துவிட்டேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இரண்டு சொல்லில்தான் நிற்கிறது.

முதல் பாடம் துள்ளும் பந்து. நொடிக்கு 24 சட்டகம் (ஃப்ரேம், அதாவது அசைவில் ஒரு தனிப் படம்). 0-இல் பந்து மேலே, 12-இல் தரையில், 24-இல் மறுபடி மேலே. இந்த மூன்றைத்தான் பிள்ளைகள் வைக்கிறார்கள். நடுவில் 11, அப்புறம் இன்னொரு 11, ஆக 22 படங்களைக் கணினியே போட்டுக்கொள்கிறது. நாம் வைப்பது கீஃப்ரேம், கணினி போடுவது ட்வீன். பிள்ளைகள் வாயில் நுழைகிற மாதிரி இரண்டு சொல் கொடுங்கள்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

டீச்சர், திறவுச்சட்டகம் என்று சிலர் எழுதுகிறார்கள். தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். அது எதையும் திறப்பதில்லை. கையால் வரைந்த காலத்தில் மூத்த ஓவியர் முக்கியமான நிலைகளை மட்டும் வரைந்து கொடுப்பார், உதவியாளர்கள் நடுவில் உள்ளதை வரைவார்கள். மூத்தவர் வரைந்ததுதான் கீ. எனவே முதன்மைச் சட்டகம்.

ட்வீனுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். கணக்குப் பாடத்தில் இடைச்செருகல் ஏற்கெனவே இருக்கிறது. இரு முனையில் மதிப்பு தெரிந்தால் நடுவில் உள்ளதைக் கணிப்பது. இங்கே நடப்பதும் அதேதான்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

> ட்வீனுக்குப் புதிதாக எதுவும் வேண்டாம். கணக்குப் பாடத்தில் இடைச்செருகல் ஏற்கெனவே இருக்கிறது.

தம்பி, தமிழ் படித்தவன் காதில் இடைச்செருகல் என்பது குற்றச்சாட்டு. கம்பராமாயணத்தில் பின்னால் வந்தவர்கள் நுழைத்த பாடல்களை மிகைப்பாடல் என்று ஒதுக்கி அச்சிடுகிறோம், வெள்ளிபாடல் என்றும் சொல்கிறோம். அவற்றைப் பிரித்தெடுக்கப் பதிப்பாசிரியர்கள் எத்தனை ஏட்டை ஒப்பிட்டுக் கண்ணைக் கெடுத்துக்கொண்டார்கள்! ஒழுங்காகச் செய்யும் வேலைக்கு அந்தப் பெயரை வைப்பது நியாயமில்லை.

கீஃப்ரேமுக்கு நம்மிடம் சொல் இருக்கிறது: கரணம். தஞ்சைப் பெரியகோயில் விமானத்தின் மேல்தளச் சுற்றுக்குப் போய்ப் பாருங்கள். நாட்டிய கரணம் 108-இல் 81 செதுக்கியிருக்கிறார்கள், மீதி 27 கல்லும் வெறுமையாகவே நிற்கின்றன. தில்லைக் கோபுரங்களில் 108-உம் உண்டு. ஆட்டத்தின் நடுவே காலும் கையும் எங்கே நிற்கின்றன என்று கல்லில் பிடித்து வைத்திருக்கிறான் சிற்பி. கீஃப்ரேம் அதுதானே அம்மா?

அனுப்புநர்: பொறியியல் மாணவர், கோவை

ஐயா, கரணம் வடசொல். இவ்வளவு தூரம் வந்து வடசொல்லை எடுப்பதற்குக் கீஃப்ரேம் என்றே எழுதிவிடலாமே?

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

தொல்காப்பியம் கற்பியலின் முதல் நூற்பாவே “கற்பெனப் படுவது கரணமொடு புணர” என்றுதான் தொடங்குகிறது. ஐயர் யாத்த கரணமும் அதே இயலில்தான். இத்தனை காலம் தமிழில் புழங்கிய சொல்லை வெளியே நிறுத்த நமக்கு என்ன உரிமை? குட்டிக்கரணம் போடாத பிள்ளை உண்டா தமிழ்நாட்டில்?

அனுப்புநர்: பொறியியல் மாணவர், கோவை

அங்கே கரணம் என்றால் மணச்சடங்கு ஐயா, நடனம் இல்லை. இன்னொன்று. கரணம் என்பது நின்ற நிலை அல்ல, முழு அசைவு என்று நடனக் கலைஞர் பத்மா சுப்ரமணியம் ஆய்ந்து சொல்லியிருக்கிறார். அப்படியானால் உங்கள் சொல் துள்ளல் முழுவதையும் குறிக்கும், 12-ஆம் சட்டகத்தை மட்டும் குறிக்காது.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

கரணம் அசைவு, கல்லில் இருப்பது அதன் ஒரு கணம். அவ்வளவுதானே? கரணநிலை என்று வைத்துக்கொள்ளுங்கள். சொல்லைக் கைவிட மாட்டேன்.

அனுப்புநர்: நிரலாளர், யாழ்ப்பாணம்

ரீச்சர், இங்க்ஸ்கேப்பில் வரைவது வெக்டர் படம்தானே, நீங்கள் கையேட்டில் வெக்டருக்கு என்ன எழுதினீர்கள்? எங்கள் கணிதப் பாடத்தில் அது காவி. காவுதல் என்றால் சுமந்துகொண்டு போவது. இலத்தீன் மூலமும் சுமப்பவன் என்ற பொருள்தான், அதனால் நல்ல பெயர்ப்பு. காவடியிலும் அந்தக் ‘கா’தான் இருக்கிறது.

இனி விசயத்துக்கு வருகிறேன். சின்ஃபிக்கில் இரண்டு வேறு பொருள்களை இங்கே கலக்கிறோம். பந்தின் இடம், நிறம், அளவு என்று ஒவ்வொரு பண்புக்கும் ஒரு நேரத்தில் ஒரு மதிப்பைக் குத்தி வைப்பது வேபாயிண்ட். கீஃப்ரேம் அப்படியல்ல, அந்த நேரத்தில் முழுப் படத்தையும் நிறுத்தி வைக்கும் குறி. நேரப் பலகையில் பார்த்தால் வேபாயிண்டுகள் அந்தந்தப் பண்பின் வரியில் தனித்தனியாக நிற்கும். இரண்டுக்கும் ஒரே சொல் போட்டால் பிள்ளைகளுக்கு விளங்காது.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

ஐயா சொன்னது சரி, வேபாயிண்டுக்கு வழிப்புள்ளி போதும். காவி இங்கே உதவாது. காவிப்படம் என்றால் எங்கள் ஊரில் நிறத்தைத்தான் நினைப்பார்கள். வெக்டருக்குத் திசையன் என்றே இருக்கட்டும். அதற்குத் தனி இழை தொடங்கிக்கொள்வோம், இன்றைக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது.

அனுப்புநர்: கணினி ஆசிரியை, தேனி மாவட்டம்

ஐயாமார் எல்லோருக்கும் நன்றி. போன சனிக்கிழமை வகுப்பில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு பெண்பிள்ளை 0, 12, 24 மூன்றையும் வைத்துவிட்டு, “புள்ளி வச்சாச்சு டீச்சர், இனி கம்பி அது இழுத்துக்கும்ல?” என்று கேட்டாள். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாசலில் கம்பிக்கோலம் போடுகிறவள் அவள். புள்ளி எங்கே என்று கை முடிவு செய்கிறது, வளைவு அதைச் சுற்றிக்கொண்டு போகிறது. நான் ஒரு வாரமாக விளக்கியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டாள்.

யாழ்ப்பாணத்து ஐயா மடலைப் பார்த்த பிறகு இன்னும் தெளிவாகிறது. வழிப்புள்ளி ஒவ்வொன்றும் புள்ளி. ஒரே நேரத்தில் எல்லாப் பண்புக்கும் புள்ளி வைத்தால் அது வரிசை. பதினைந்து புள்ளி எட்டு வரிசை என்று வீட்டில் சொல்வதுதான். கீஃப்ரேம் வரிசைச் சட்டகம் ஆகட்டுமே? நேர்ப்புள்ளி, ஊடுபுள்ளி என்று கோலத்தில் இரண்டு வகை. ஊடுபுள்ளி இரண்டு புள்ளிக்கு நடுவில் விழுவது. ட்வீனுக்கு ஊடுபடம்.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

ஊடுபடம் அழகு அம்மா. நெசவில் பாவு நீளவாக்கில், ஊடு அதற்குக் குறுக்கே நுழைந்து போவது. ஊடகமும் அந்த வேர்தான். ஒரே ஒரு எச்சரிக்கை: வினைத்தொகையாக விரித்தால் ஊடிய படம், ஊடுகின்ற படம் என்றாகிவிடும். பிணக்கில் இருக்கும் படம் என்று யாராவது உரை எழுதக்கூடும். நடுவே ஒற்று வராததால் இலக்கணம் இரண்டுக்கும் இடம் கொடுக்கிறது.

அனுப்புநர்: பொறியியல் மாணவர், கோவை

ஊடுருவல் என்று சொல்லும்போது யாரும் பிணக்கை நினைப்பதில்லை ஐயா. ஊடுபடத்துக்கு என் ஓட்டு. ஆனால் வரிசைச் சட்டகம் என்றால் வரிசையாக வரும் எல்லாச் சட்டகமும் என்றுதான் எனக்குப் படுகிறது. முதன்மைச் சட்டகமே போதும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

எனக்கும் அப்படியே. டீச்சர், கோலம் உங்கள் வகுப்பில் அருமையாக வேலை செய்யும். நான் தமிழாக்கும் சின்ஃபிக் மெனுவில் கோலத்தை விளக்க இடம் கிடையாது, சொல் தனியாக நிற்கும். ட்வீனுக்கு இடைநிரப்பு என்றால் பார்த்தவுடன் புரியும்.

அனுப்புநர்: நிரலாளர், யாழ்ப்பாணம்

நிரப்பு என்று சொல்லாதீர்கள். பெட்டியில் சாமான் அடுக்குவது போல ஆகிவிடும். பந்துப் பாடத்தையே பாருங்கள். எல்லா வழிப்புள்ளியையும் வழுவழுப்பான வகையில் விட்டால், தரைக்கு வரும்போது பந்து வேகம் குறைந்து பஞ்சு மாதிரி இறங்கும். 12-இல் மட்டும் வகையை மாற்றினால்தான் டப்பென்று அடித்து எழும்பும். இடையில் வருவதன் குணத்தைப் புள்ளிதான் தீர்மானிக்கிறது, கோலத்தில் போலவே. ஊடுபடம் என்பதுதான் எனக்குச் சரி. கீஃப்ரேமுக்கு முதன்மைச் சட்டகம்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

வெள்ளி காலை. இதுவரை எழுதியவர்களின் கணக்கு: கீஃப்ரேமுக்கு முதன்மைச் சட்டகம் மூன்று, வரிசைச் சட்டகம் ஒன்று, கரணநிலை ஒன்று. ட்வீனுக்கு ஊடுபடம் நான்கு, இடைநிரப்பு நான் ஒருவன். வழிப்புள்ளியை யாரும் எதிர்க்கவில்லை. மெனுவில் இப்படியே ஏற்றுகிறேன். இடைநிரப்பை விட்டுவிடுகிறேன், மனம் முழுதாக ஒப்பவில்லை.

அனுப்புநர்: தமிழாசிரியர் (ஓய்வு), கும்பகோணம்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். முதன்மை என்பது பதவி, நிலை அன்று. தஞ்சையில் செதுக்காத 27 கல்லும் நான் சொன்னதைத்தான் சொல்லும்.

அனுப்புநர்: கணினி ஆசிரியை, தேனி மாவட்டம்

கையேடு மதியம் அச்சகத்துக்குப் போய்விட்டது. முதன்மைச் சட்டகம், ஊடுபடம் என்றே போட்டிருக்கிறேன். பந்துப் பாடத்துக்கு மேலே அந்தப் பிள்ளையையே ஒரு ஐந்து புள்ளிக் கோலம் வரையச் சொல்லிச் சேர்த்தேன், பாதிக் கம்பி இழுத்தது, மீதி புள்ளியாகவே. கரும்பலகையில் நான் புள்ளி, வரிசை என்றுதான் எழுதுவேன்.