பழைய வீட்டு கம்ப்யூட்டருக்கு 6,000 ரூபாயில் என்னென்ன வாங்கலாம்?

விருதுநகர்வாசி:

எங்கள் வீட்டு டெஸ்க்டாப் 2013இல் வாங்கியது. மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3 பிராசசர், ஹெச்61 மதர்போர்டு, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. பட்டனை அமுக்கிவிட்டு அடுப்பில் பாலை வைத்தால், பால்தான் முதலில் பொங்கும்.

இதற்கு மூன்று பங்காளிகள். அப்பா தாலுகா ஆபீசில் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அக்கம்பக்கத்தாருக்கு மனு அடித்துக் கொடுப்பார். தமிழ் டைப்ரைட்டர் முறை தவிர வேறெதிலும் விரல் போகாது. கீபோர்டில் எழுத்தெல்லாம் அழிந்து மொட்டையாக இருப்பது அவருக்குப் பொருட்டே இல்லை. ஸ்பேஸ் பார் இடது பக்கம் அமுங்காததுதான் கவலை. மகள் ஒன்பதாவது, வாரத்தில் இரண்டு நாள் ஆன்லைன் டியூஷன். போன் ஹெட்செட்டைச் செருகினால் காது கேட்கிறது, அவள் பேசுவது டீச்சருக்குக் கேட்பதில்லை. மனைவி பிளவுஸ் டிசைன் பார்ப்பாள். மூன்றாவது படம் வருவதற்குள் எழுந்து போய்விடுவாள். யுபிஎஸ் ஒன்றும் இருக்கிறது. கரண்ட் போகும் அதே நொடியில் அதுவும் போய்விடுகிறது.

கடையில் கேட்டேன். கலர் லைட் எரியும் கீபோர்டு மவுஸ் செட், 22 இஞ்ச் மானிட்டர், வெப்கேம், வைஃபை டாங்கிள் (வயரில்லாமல் நெட் பிடிக்கும் குச்சி) என்று எழுதிக் கொடுத்தார்கள். கையில் இருப்பது 6,000. எதை வாங்க, எதை விட?

நெல்லை சர்வீஸ்:

அண்ணாச்சி, அந்தச் சீட்டை மடித்து வையுங்கள். அதில் இருக்கிற எதுவும் உங்கள் பாலைப் பொங்கவிடாமல் தடுக்காது.

முதலில் 240 அல்லது 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி என்றால் ஹார்ட் டிஸ்க் வேலையையே வேகமாகச் செய்வது, சாட்டா என்பது அதைப் போர்டோடு இணைக்கும் வழி. இரண்டரை இஞ்ச் பெட்டி மாதிரி இருக்குமே, அது. குச்சி மாதிரி வரும் எம்.2 உங்கள் போர்டில் ஏறாது. ஹெச்61இல் சாட்டா வேகம் பழைய 3 ஜிகாபிட்தான், அதனால் விலை கூடியதை வாங்குவது தண்டம். எஸ்எஸ்டி டப்பாவுக்குள் சாட்டா கேபிள் இருக்காது. பாதிப் பேர் வீட்டுக்குப் போய் டப்பாவைப் பிரித்த பிறகுதான் போன் பண்ணுவார்கள். சேர்த்தே வாங்கிவிடுங்கள். பழைய டிஸ்க் அப்படியே உள்ளே இருக்கட்டும், போட்டோ கீட்டோ வைக்க.

அடுத்து ராம். இன்னொரு ஸ்லாட் காலியாக இருந்தால் 4 ஜிபி டிடிஆர்3 (உங்கள் போர்டு ஏற்கும் ராம் வகை), பழையதே போதும். இருக்கிற குச்சியைக் கழற்றிக் கடைக்குக் கொண்டு போங்கள். லேப்டாப் ராம் குட்டையாக இருக்கும், டிடிஆர்4க்கு வெட்டு இடம் மாறியிருக்கும், இரண்டும் உட்காராது.

யுபிஎஸ்சைத் தூக்கிப் போடாதீர்கள். 600 விஏ என்றால் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஹெச் பேட்டரி ஒன்றுதான். இரண்டு மூன்று வருடத்தில் அது செத்துவிடும். பேட்டரி மட்டும் மாற்றினால் போதும். பழையதைக் கொடுத்தால் கொஞ்சம் குறைத்துக்கொள்வார்கள்.

ஒரு சந்தேகம்: கம்ப்யூட்டரில் தேதி சரியாகக் காட்டுகிறதா?

விருதுநகர்வாசி:

எப்படிக் கண்டுபிடித்தீர்கள்! பிளக்கைப் பிடுங்கிவிட்டுப் போட்டால் 2012க்குப் போய்விடுகிறது. பேங்க் தளம் போனால் பாதுகாப்பில்லை என்று எச்சரிக்கை வருகிறது. வைரஸ் என்று நினைத்திருந்தேன்.

நெல்லை சர்வீஸ்:

வைரஸ் இல்லை. போர்டில் வட்டமாக ஒரு பேட்டரி இருக்கும், சிஆர்2032. வாட்ச் கடையில்கூடக் கிடைக்கும். தேதி பின்னால் போய்விட்டால் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் இன்னும் தொடங்காத மாதிரித் தெரியும், அதுதான் எச்சரிக்கை.

மாடிவீட்டு அக்கா:

ஹெட்செட் கதை எங்கள் வீட்டிலும் நடந்தது தம்பி. போன் ஹெட்செட்டின் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், மைக்கும் ஸ்பீக்கரும் ஒரே முனையில். உங்கள் கம்ப்யூட்டரில் பச்சை ஓட்டை தனி, ரோஸ் ஓட்டை தனி. நடுவே ஒய் வடிவ வயர் ஒன்று போட வேண்டும். நான் முதலில் வாங்கியது இரண்டு பேர் சேர்ந்து பாட்டுக் கேட்கிற வயர், பார்க்க அதே மாதிரிதான் இருந்தது. ஒரு முனையில் மைக் படம் போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

டாங்கிளும் வேண்டாம். கேபினட்டுக்குப் பின்னால் செருகினால் தகரம் மறைத்து சிக்னல் குறையலாம். ரூட்டர் அடுத்த அறை என்றால் லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். வகுப்பு நடுவே நிற்காது.

மின்ட் மாமா:

ஒன்றை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. மூன்றாம் தலைமுறை ஐ3யை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. புது எஸ்எஸ்டியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள், பைசா செலவில்லை. அதில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ் எம்17என் நிறுவினால் தமிழ்99 விசைப்பலகை முறையும் உண்டு, அப்பாவின் டைப்ரைட்டர் முறையும் உண்டு. அவருடைய பழைய மனுக்கள் யூனிகோடுக்கு (இப்போது எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துமுறை) முந்திய எழுத்துருவில் இருக்கும். அந்த எழுத்துருக் கோப்பை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் மனுவெல்லாம் கன்னாபின்னா இங்கிலீஷ் எழுத்தாகத் தெரியும்.

விருதுநகர்வாசி:

எல்லாம் முடிந்தது. எஸ்எஸ்டி 2,400, பழைய ராம் 400, யுபிஎஸ் பேட்டரி 950, வயர் கீபோர்டு 450, லேன் கேபிள் 300, ஒய் வயர் 120, சாட்டா கேபிள் 60, வட்டப் பேட்டரி 30. ஆக 4,710.

மின்ட் போட்டாயிற்று. பால் இப்போது தோற்றுவிட்டது. மகள் பேசுவது டீச்சருக்குக் கேட்கிறது, அதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம் இல்லை. அப்பா முதல் நாள் முறைத்தார், இரண்டாம் நாள் பட்டா மாறுதல் மனு ஒன்றை முழுசாக அடித்தார். புது கீபோர்டில் சத்தம் பத்தவில்லையாம்.

மாமா சொன்ன எழுத்துருவைத் தேடப் போனபோது பழைய டிஸ்கில் மகளின் முதல் பிறந்தநாள் போட்டோவெல்லாம் கிடைத்தன, மொத்தம் 41 ஜிபி. பன்னிரண்டு வருட டிஸ்க்கை நம்பாதே, உடனே வேறெதிலாவது ஏற்று என்கிறாள் மனைவி. மீதி 1,290 இருக்கிறது. 64 ஜிபி பென்டிரைவ் போதுமா, வேறு ஏதாவது பார்க்கவா?