பசித்தால் தானாகச் சாப்பிடுவானா? மூன்றரை வயதுப் பையனும் ப்ளே ஸ்கூல் டப்பாவும்

காட்பாடி அம்மா:
பையனுக்கு மூன்றரை வயது. ஜூனில் ப்ளே ஸ்கூலில் சேர்த்தோம். வீட்டில் முறுகல் தோசை, அப்பளம், உருளைக்கிழங்கு வறுவல் மூன்றும்தான் ஓடும். அப்பளத்தைக்கூடக் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்து, சத்தம் கேட்ட பிறகுதான் வாயில் போடுவான். தோசையில் ஓரம் மட்டும். நடுவில் மெத்தென்று இருப்பது தட்டிலேயே கிடக்கும். கொழகொழவென்று எது விரலில் ஒட்டினாலும் கையை உதறுவான், குமட்டுவான். வாயிலும் கையிலும் தொடு உணர்ச்சி கூடுதல் என்று டாக்டர் சொன்னார், சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் ஆக்குபேஷனல் தெரபிக்குப் போகிறோம்.

ஸ்கூலில் மதியம் ஒரு வாய்கூட இறங்குவதில்லை. போன வாரம் ஆயாம்மா மூக்கைப் பிடித்துத் தயிர் சாதம் ஊட்டியதில் வாந்தி. இப்போது டப்பாவைக் கண்டாலே அழுகிறான். அவன் தின்னும் அப்பளம், வறுவலை அனுப்பட்டுமா என்று கேட்டால், "எல்லாருக்கும் ஒரே ரூல்தான். சாதம், இல்லாவிட்டால் டிபன். அப்பளம், வறுவலெல்லாம் கூடாது" என்கிறார்கள். நான் கேட்பது அதிகமா?

குடியாத்தம் டீச்சரம்மா:
1982இல் சத்துணவு வந்தபோது பால்வாடி வேலையில் சேர்ந்தவள் நான். முப்பத்தொரு வருடம். சாப்பிட மாட்டேன் என்று வந்த பிள்ளை எத்தனையோ. பத்து நாளில் பக்கத்துத் தட்டைப் பார்த்து, தானாகக் கையை நீட்டும். கோபித்துக்கொள்ளாதே அம்மா, காலையில் ஒரு டம்ளர் பால், பத்து மணிக்கு பிஸ்கட், அப்புறம் எங்கே பசிக்கும்? மூக்கைப் பிடித்தது தப்பு, அதை யாரும் செய்யக்கூடாது. ஆனால் தனி டப்பா, தனி இடம் என்று ஆரம்பித்தால் அவனை எல்லோரும் வேறு மாதிரிப் பார்ப்பார்கள். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டால் போகாது.

சத்துவாச்சாரி அப்பா:
டீச்சரம்மா, பாலும் பிஸ்கட்டும் பசியைக் கெடுக்கும் என்பது சரி. ஆனால் பசி வந்தால் சரியாகிவிடும் என்பது சாதாரணமாக அடம்பிடிக்கும் பிள்ளைக்குத்தான் பொருந்தும். முடி வெட்டிக்கொண்டு வந்ததும் சட்டைக்குள் துணுக்கு முடி குத்திக்கொண்டே இருக்கும் இல்லையா? அந்த நேரத்தில் ஆம்பூர் பிரியாணியே வைத்தாலும் முதலில் சட்டையைத்தான் கழற்றுவோம். என் பையனுக்குக் குழைந்த சாதம் அப்படித்தான் இருந்தது. பசியில் அழுவான், ஆனால் வாயைத் திறக்க மாட்டான். இப்போது அவனுக்கு ஒன்பது வயது, சாம்பார் சாதம் சாப்பிடுகிறான். பத்து நாளில் இல்லை, நான்கு வருடத்தில்.

மூக்கைப் பிடிப்பது தப்பு மட்டும் இல்லை, ஆபத்து. வாயால் மூச்சை இழுக்கும்போது சோறு மூச்சுக்குழாய்க்குப் போகும்.

ஆற்காடு மிஸ்:
எதிர்க்கட்சியாக நான் வருகிறேன். என் வகுப்பில் இருபத்து நான்கு பிள்ளைகள். நானும் ஒரு ஆயாம்மாவும்தான். ஒருவனுக்கு அப்பளம் என்றால் பக்கத்தில் இருப்பவன் சாதத்தைத் தள்ளிவிட்டு அப்பளம் கேட்பான். சாயங்காலம் அவன் அம்மா கேட்டிலேயே என்னைப் பிடித்துக்கொள்வார். "ரூல்" என்று நாங்கள் சொல்வது திமிரில் இல்லை, தப்பிக்க.

அப்புறம், பெற்றோர் எட்டுப் பக்க ரிப்போர்ட்டை ஆங்கிலத்தில் கொண்டுவந்து ஆபீஸ் ரூமில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். பிள்ளைக்கு ஊட்டுவது ஆயாம்மா. அவருக்கு அதில் என்ன புரியும்? தமிழில் ஒரே பக்கம் போதும். எதைச் சாப்பிடுவான், எதைத் தொட்டால் குமட்டுவான், அழுதால் என்ன செய்ய வேண்டும், இவ்வளவுதான். அது கையில் இருந்தால் நானே அந்த அப்பளத்துக்குப் பதில் சொல்லிக்கொள்வேன்.

வாலாஜா வக்கீல் குமாஸ்தா:
2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இருக்கிறதே. பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும் என்று பிரிவு 16 சொல்கிறது. நோட்டீஸ் விட்டால் வழிக்கு வருவார்கள்.

ஆற்காடு மிஸ்:
சார், அந்தப் பிரிவு பேசுவது அரசு நிதியோ அங்கீகாரமோ உள்ள நிறுவனங்களைப் பற்றி. தெருவுக்குத் தெரு இருக்கும் ப்ளே ஸ்கூலில் எத்தனைக்கு அங்கீகாரம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அப்படியே நோட்டீஸ் வந்தாலும் மறுநாள் மதியம் அவன் பக்கத்தில் உட்காரப் போவது அதே ஆயாம்மாதான்.

காட்பாடி அம்மா:
நேற்று பன்னிரண்டரைக்குப் போய் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சிமெண்ட் தரையில் இருபது சில்வர் தட்டு. ஒவ்வொன்றும் இழுபடும்போது எனக்கே பல் கூசியது. மேலே கடகடவென்று ஃபேன், பக்கத்துப் பையன் தட்டில் மாவடு ஊறுகாய். இவன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். டப்பா மூடியபடியே இருந்தது.

திறந்து பார்த்தேன். காலையில் கல்லில் இருந்து எடுத்ததும் சூடாக மூடியிருந்தேன். மூடியின் உள்பக்கமெல்லாம் வேர்வை. தோசை நமத்துப் போய்த் துணி மாதிரி தொங்கியது. நான்கு மாதமாக நானே அவனுக்குக் கொழகொழ தோசை அனுப்பியிருக்கிறேன்!

சத்துவாச்சாரி அப்பா:
அங்கேதான் நாங்களும் கோட்டை விட்டோம். தோசையை மணைமேல் விரித்து நன்றாக ஆறவிட்டு, பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சின்னதாக நான்கு துண்டு போதும். ஸ்கூலில் இரண்டு விஷயம் மட்டும் கேளுங்கள்: வாசல்பக்கம் ஓர ஓரமாக ஒரு இடம், தட்டுக்குக் கீழே ஒரு பாய்த்துண்டு. மற்றவர்கள் சாப்பிடுவது அவன் கண்ணில் படட்டும், காதில் மோத வேண்டாம். புதுச் சாப்பாட்டை வேறு மூடியில் ஒரு பருக்கை வையுங்கள். தின்ன வேண்டாம், அது அங்கே இருந்தால் போதும். பத்துப் பதினைந்து முறை பார்த்த பிறகுதான் சில பிள்ளைகள் தொடவே செய்வார்கள்.

மொறுமொறுப்பு என்று முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை கொடுத்துவிடாதீர்கள், இந்த வயதில் தொண்டையில் சிக்கும். எடை ஏறாமல் நின்றாலோ, தண்ணீர் குடிக்கும்போது புரையேறிக்கொண்டே இருந்தாலோ உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். மலச்சிக்கலும் இரும்புச்சத்துக் குறைவும் பசியை அடைக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

குடியாத்தம் டீச்சரம்மா:
ஓர இடம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே சாப்பிட்ட ஒரு பெண் பிள்ளை எங்களிடமும் இருந்தது. நாங்கள் அதைப் பிடிவாதம் என்றுதான் நினைத்தோம். ஆனாலும் தோசை ஓரத்தை மட்டும் தின்று ஒரு பிள்ளை வளருமா?

காட்பாடி அம்மா:
தமிழில் ஒரு பக்கம் எழுதி ஆயாம்மாவிடமே கொடுத்து, படித்தும் காட்டினேன். "மூக்கைப் பிடித்தால் இவ்வளவு ஆகும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லையே பாப்பா" என்றார். அப்பளம் இன்னும் அனுமதி இல்லை. வாசல்பக்க இடம் கிடைத்தது. இன்று இரண்டு துண்டு தோசை. மூடியில் வைத்த பருப்புச் சாதத்தை ஒற்றை விரலால் தள்ளி வைத்தானாம். போன மாதமாக இருந்தால் தூக்கி எறிந்திருப்பான்.

குடியாத்தம் டீச்சரம்மா:
சந்தோஷம். மாவில் ஒரு முட்டையை அடித்து ஊற்றிவிடேன், அவனுக்குத் தெரியவா போகிறது?

சத்துவாச்சாரி அப்பா:
வேண்டாம். ஒளித்து வைத்தது தெரிந்தால் தோசை மேலேயே நம்பிக்கை போய்விடும்.

காட்பாடி அம்மா:
ஆகஸ்டிலேயே செய்து பார்த்துவிட்டேன் டீச்சரம்மா. மூன்று நாள் வெறும் தோசையைக்கூடத் தொடவில்லை.

குடியாத்தம் டீச்சரம்மா:
சரி சரி. கேழ்வரகு மாவு ஒரு ஸ்பூன்? அவன் கண்ணெதிரிலேயே கலந்தால்?