மறு: சிலந்தி, தேள், சிற்றுண்ணி சாப்பிடறதுக்கு ஒரு சொல்

வணக்கம் நண்பர்களே,

சிலந்தி, தேள், சிற்றுண்ணி (மைட்னு சொல்ற ரொம்பச் சின்ன உயிரி) இதையெல்லாம் சாப்பிடறதுக்குத் தமிழ்ல என்ன கலைச்சொல் வைக்கலாம்னு பேசிட்டிருக்கோம். பூச்சி சாப்பிடறதுக்குப் பூச்சியுணவுன்னு ஏற்கனவே ஒரு சொல் இருக்கே, சிலந்தி தேளையும் அதுலயே சேர்த்துடலாமேன்னு நம்ம குழுவுல அண்ணன் ஒருத்தர் எழுதியிருந்தாரு, எனக்கு அதுல உடன்பாடு இல்ல. பூச்சிக்கு ஆறு கால், இதுங்களுக்கு எட்டு, வகுப்பே வேற. பாடத்துல பிரிச்சு சொல்லிக்கொடுத்துட்டு கலைச்சொல்லுல ஒண்ணாக்கினா படிக்கற பிள்ளைங்கதான் குழம்பும்.

'எண்காலியுணவு' கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா எண்காலின்னு ஆக்டோபஸையும் எழுதறாங்க, அதுவும் சாப்பிடற பொருள்தான், அதனால படிக்கறவங்க நேரா கடலுக்குப் போயிடுவாங்க. 'சிலந்தியுண்ணி' அதைவிட சிக்கல், சிலந்தியைத் தின்னுறதா, சிலந்தி மேல ஒட்டற உண்ணியா?

'சிலந்திக்கறி'யும் பத்தாது. கம்போடியாவுல ஸ்குவோன் ஊர்ல டரான்டுலாங்கற பெரிய சிலந்தியை உப்பு, சர்க்கரை, பூண்டு சேர்த்து எண்ணெய்ல பொரிச்சு தட்டுல குவிச்சு விக்கறாங்க, காலெல்லாம் மொறுமொறுன்னு, வயிறு மட்டும் உள்ள கொழகொழன்னு இருக்கும். வெனிசுவேலாவுல பியாரோவா பழங்குடி மக்கள் கோலியாத் சிலந்தியோட அரிக்கற முடியை நெருப்புல பொசுக்கிட்டு சாப்பிடறாங்க. சீனாவுல தேளைக் குச்சில குத்திப் பொரிக்கறாங்க. இதுக்கெல்லாம் கறின்னா சரி, ஆனா ஜெர்மனில வூர்ஷ்விட்ஸ் கிராமத்துல பாலாடைக்கட்டியை சிற்றுண்ணி இருக்கற மரப்பெட்டில மாசக்கணக்கா வெச்சு, அதுங்க கட்டியையே தின்னு தீர்த்துடாம இருக்க ரைங்கற தானியத்தோட மாவு போட்டு வளர்த்து, அதுங்க சுரக்கறதுல கட்டி பழுத்ததும் மேல ஒட்டியிருக்கற சிற்றுண்ணியோடயே சாப்பிடறாங்களே, அதை எப்படி கறின்னு சொல்றது?

அதனால என் பரிந்துரை: பொருளுக்கு 'சிலந்தியின உணவு', பழக்கத்துக்கு 'சிலந்தியின உண்ணல்'. புலி, சிங்கத்தைப் பூனைக் குடும்பம்னு சொல்றப்ப யாரும் குழம்பறதில்லையே, அதே மாதிரி தேளும் சிற்றுண்ணியும் இதுல அடங்கிடும்.

இன்னொண்ணும் முக்கியம். இறால் ஒத்துக்காதவங்களுக்கு இதுங்களும் ஒத்துக்காம போகலாம், ட்ரோபோமயோசின்னு ஒரு புரதம் ரெண்டுலயும் இருக்கு. நாளைக்குப் பொட்டலத்து மேல தமிழ்ல எச்சரிக்கை போடணும்னா மூணையும் சேர்த்துச் சொல்ற சொல் வேணும், சிலந்தின்னு மட்டும் போட்டா தேள் பொரியலை எடுக்கறவருக்கு அது எப்படித் தெரியும்?

நீளமா இருக்குன்னு தோணினா வேற சொல் கொடுங்க, பேசலாம். ஆனா அந்த ஜெர்மன் பாலாடைக்கட்டியும் அதுல அடங்குதான்னு ஒருமுறை பார்த்துட்டு எழுதுங்க.