சத்தத்தை வைத்துப் பறவையைக் கண்டுபிடித்த அனுபவம் உண்டா?

பட்டறைத்தெரு பையன்

எங்கள் வீடு கும்பகோணத்தில், பாத்திரப் பட்டறைகளுக்கு அடுத்த தெருவில். சின்ன வயதிலிருந்தே கோடையில் பகல் முழுக்க ‘டொக்… டொக்… டொக்’ என்று ஒரே சீராக ஒரு சத்தம் கேட்கும். பித்தளை தட்டுகிறார்கள் என்று யாரும் அதைக் கண்டுகொண்டதில்லை. போன கோடை விடுமுறையில் மொட்டை மாடியில் வடகத்துக்குக் காவல் இருந்தபோதுதான் உறைத்தது. அன்று ஞாயிற்றுக்கிழமை, பட்டறைகள் பூட்டிக் கிடந்தன. சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

யாரோ போட்ட ரீல்ஸைப் பார்த்து மெர்லின் செயலியை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்தேன். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் இலவசமாகக் கொடுப்பது. சத்தத்தை வைத்துப் பறவையைச் சொல்லும் வசதி அதில் 2021-இல் வந்தது. போனை நீட்டிப் பிடித்தால் சத்தம் திரையில் கோலம் மாதிரி ஓடும், கீழே பறவையின் பெயர் வரும். நம் பகுதிக்கான தொகுப்பை ஒருமுறை இறக்கிவிட்டால் நெட்கூட வேண்டாம். காக்கா, மைனா, கிளி எல்லாம் வந்த பிறகு ஒரு புதுப் பெயர் வந்தது: செம்மார்புக் குக்குறுவான்.

பெயர் கிடைத்ததே தவிர ஆளைக் காணோம். கத்தும்போது தலையைத் திருப்பிக்கொண்டே இருப்பதால், சத்தம் ஒரு நேரம் கோயில் பக்கமும் ஒரு நேரம் தெருமுனையிலும் கேட்கிற மாதிரி ஏமாற்றுகிறது. கடைசியில் அரசமரத்தின் உச்சியில், இலையில்லாத குச்சி ஒன்றில் உட்கார்ந்திருந்தது. சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிசு. பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் குங்குமச் சிவப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள். ஆச்சரியம் என்னவென்றால், அலகைத் திறக்கவே இல்லை. ஒவ்வொரு ‘டொக்’குக்கும் தொண்டை மட்டும் புடைத்து அடங்கியது. நிமிடத்துக்கு நூறு தடவையாவது இருக்கும்.

போன் கேமராவில் பெரிதாக்கி அப்பாயிக்குக் காட்டினேன். “இத்தனூண்டு இருந்துகிட்டா இந்தச் சத்தம் போடுது? நான் பட்டறைக்காரனையில்ல திட்டிக்கிட்டு இருந்தேன்!” என்றார்.

சரி, உங்களுக்கு இப்படி ஏதாவது மாட்டியிருக்கிறதா?

வேப்பமரத்தடி

குரூப் 4-க்குப் படிக்கிறேன் என்று மாடியே கதியாகக் கிடப்பவள் நான், மதுரை. குயில் கூவினால் அது பெண் என்றுதான் நினைத்திருந்தேன், பாட்டெல்லாம் அப்படித்தானே. ‘குக்கூ’ என்று ஏற்றிக்கொண்டே போவது கன்னங்கரேல் என்றிருக்கும் ஆண். பெண் குயில் பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு இருக்கும், ‘கிக்கிக்கிக்’ என்று கத்தும்.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. ஆடி அமாவாசைக்கு அம்மா சுவரில் காக்காய்க்குச் சோறு வைத்தார். வந்த காக்கா கொத்திக்கொண்டு நேராக வேப்பமரத்துக்குப் போய், அங்கே ஓயாமல் கத்திக்கொண்டிருந்த ஒரு குஞ்சின் வாயில் ஊட்டியது. காக்காக் குஞ்சு என்றுதான் பார்த்தேன். சிறகெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்தது. குயில் குஞ்சு! காக்கா கூட்டில் குயில் முட்டையிடும் என்று ஐந்தாம் வகுப்பிலேயே படித்ததுதான், கண்ணால் பார்ப்பது வேறு. தாத்தாவுக்கு வைத்த பருப்புச்சோறு குயில் வயிற்றுக்குப் போய்விட்டது என்று சொன்னால் அம்மா இன்னும் நம்பவில்லை.

மாட்டுக்கார தம்பி

செயலி சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். எங்கள் ஊர் சத்தியமங்கலம் பக்கம். வைரி (சின்னப் பறவைகளைப் பிடிக்கும் வேட்டைப்பறவை) என்று காட்டியது, சத்தமும் அச்சு அசல் வைரிதான். மேய்ச்சலில் இருந்த மைனாக் கூட்டம் பதறிப் பறந்தது. பார்த்தால் எருமை முதுகில் இருந்த கரிச்சான் சாவகாசமாக இறங்கி, மைனா விட்டுப்போன புழுவை எடுத்துக்கொண்டது. கத்தியதே அதுதான்! கரிச்சான் மற்ற பறவைகள் மாதிரிக் கத்தும் என்று பிறகு தெரிந்தது. எங்கள் ஐயனிடம் சொன்னால், “இதுகூடத் தெரியாதா உனக்கு” என்று சிரிக்கிறார்.

பட்டறைத்தெரு பையன்

@மாட்டுக்கார தம்பி, சூப்பர்! அதனால்தான் கண்ணால் பார்க்காத எதையும் நான் இ-பேர்டில் (பார்த்த பறவைகளைப் பதிந்து வைக்கும் இணையதளம்) பதிவதில்லை.

பைனாகுலர் வேண்டுமா என்று கேட்டிருந்தவர்களுக்கு: என்னிடம் இல்லை, போன்தான். தை மாதம் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு வரும். குறைந்தது 15 நிமிடம் ஓரிடத்தில் நின்று, பார்த்ததை எண்ணி இ-பேர்டில் ஏற்றினால் போதும், சொந்த மாடியே தாராளம். வேப்பமரத்தடி அக்கா, அந்தக் குஞ்சின் படம் இருந்தால் போடுங்கள்.